ஜூலை மூன்றாம் வாரம்

எங்கள் வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவில் வேலை. பஸ் ஓட்டுகிற வேலை இல்லை. எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், யாருக்கு என்றைக்கு ஓய்வு, யாருக்கு எப்போது லீவு என்று கட்டம் போட்டு எழுதுகிற வேலை. இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்கிறார். டிப்போவில் அவருக்குக் 'காலண்டர்' என்று பெயர். நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

தொண்ணூற்றிரண்டு பேருடைய வருஷத்தை ஒரே காலையில் பங்கு பிரித்து முடிக்கிற இந்த மனிதர், வீட்டுக்கு ஒரு குடை வாங்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். அதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் வாங்கப் போனோம், கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் ஒளிந்துகொள்கிற அளவுக்குப் போனோம். என்னைக் கல்யாணம் செய்துகொள்ள மட்டும் எப்படி ஒரே மாதத்தில் முடிவெடுத்தார் என்று ரொம்ப நாள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, முடிவெடுத்தது அவருடைய அக்காவாம்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். முப்பது ஃபிரேமை மாட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் முதலில் மாட்டியதையே வாங்கிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். அவர்களிடம் எனக்குக் கோபமே வராது. சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பேன். என் பொறுமை முழுவதும் கடையிலேயே செலவாகிவிடுகிறது என்று எங்கள் பெண் சொல்வாள். அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், சொல்லலாம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்தார். குளிர் கடலில் ஒரு வாரம் கப்பலில் போய்விட்டு வந்தவர். பனி வெளிச்சத்தில் கண் கூசுகிறதென்று கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போனவர், திரும்பி வந்ததும் செல்போனில் எடுத்ததை எனக்குக் காட்டினார். மலை இடுக்கிலிருந்து இறங்கி வந்து கடலில் முடிகிற பனியாறு. நீலமும் வெள்ளையுமாக ஒரு பெரிய சுவர். அதிலிருந்து ஒரு துண்டு, எங்கள் கடைத்தெரு முழுவதும் இருக்கும், அப்படியே சரிந்து தண்ணீரில் விழுந்தது. விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். "ஏங்க, நாமளும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"போலாமே," என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை. அடுத்து, "எப்போ போனா நல்லாருக்கும்னு பாக்கணும்," என்றார். அந்த நிமிஷமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் கட்டம் போட்ட பேப்பர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மே மாதம் தொடங்கி செப்டம்பர் கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் கப்பல் போகுமாம். மொத்தம் இருபத்திரண்டு வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வரிசை. குறுக்கே மழை, மேகம், பகல் நீளம், திமிங்கலம், பனிச்சுவர் சரிவது, கூட்டம் என்று கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று பென்சிலால் மார்க். பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். நான் புடவை எடுக்கப் போகும்போதெல்லாம் மே மாதத்து மேகம் என் முகத்தில் முழித்தது.

மே மாதம் மழை குறைவு, மலை முழுக்கப் பனி இருக்கும். ஆனால் பனியாறு வந்து முடிகிற குடா முழுவதும் பனிக்கட்டி மிதந்துகொண்டிருப்பதால் கப்பல் கிட்டே போகாது. ஜூனில் பகல் நீளம், ஆனால் கடல்நாய்கள் பனிக்கட்டி மேல் குட்டிபோட்டிருக்கும், அதற்காகக் கப்பல் தள்ளியே நிற்கும். ஆகஸ்டில் மழை பிடித்துக்கொள்ளும். செப்டம்பரில் வானத்தில் பச்சை வெளிச்சம் தெரிந்தாலும் தெரியும், கடல்தான் கொந்தளிக்கும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பல் தேய்க்கும்போது என்று கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது.

அதோடு விட்டாரா? போய்வந்தவர்கள் போட்ட படங்களைத் தேடிப் பிடித்து, முன்பின் தெரியாத அவர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டார். 'நீங்கள் போன அன்று மேகம் மலைக்கு மேலே இருந்ததா, நடுவில் இருந்ததா?' ஒரு புண்ணியவான் பதில் போட்டார்: 'ஐயா, நான் மூன்று நாளும் வாந்தியெடுத்துக்கொண்டு படுத்திருந்தேன், மேகத்தைப் பார்க்கவில்லை.' இவர் அதற்கும் நன்றி சொல்லிவிட்டு, 'அலை' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். இருபத்திரண்டு வாரத்துக்கும் திரும்ப மார்க் போட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு வாரம் முதலிடத்துக்கு வந்தது. ஜூலை மூன்றாம் வாரம். எந்தப் பக்கம் கூட்டிக் கழித்தாலும் அதுதான். சரி, ஒருவழியாக முடிந்தது, மூட்டை கட்டலாம் என்று நினைத்தேன். அங்கேதான் டிப்போ குறுக்கே வந்தது.

டிப்போவில் ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை லீவு எழுதுவார்கள். டிரைவர்கள் ஓய்வறையில் சுவர் நீளத்துக்கு ஒரு பேப்பரை மாட்டி, வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி ஒவ்வொருவராகத் தனக்கு வேண்டிய வாரத்தைச் சொல்ல, இவர் எழுதுவார். ஒரே வாரத்தில் நான்கு பேருக்கு மேல் கிடையாது. இந்த ஊரில் கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் மூடியிருக்கிற ஜூலையும் ஆகஸ்டும் முதலில் காலியாகும். அப்புறம் மே, ஜூன், செப்டம்பர். எல்லாரும் எழுதி முடித்த பிறகு, தட்டில் ஒட்டினதை வழித்த மாதிரி மிச்சமிருப்பதில் இவர் தன் பெயரை எழுதிக்கொள்வார். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. இவராகப் போட்டுக்கொண்டது.

எங்கள் பெண் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லி லீவு வாங்கித்தான் வெளியூர் போனோம். கடற்கரைக்குப் போனால் நவம்பரில் போவோம். குடையைப் பிடித்துக்கொண்டு மணல் வீடு கட்டிய ஒரே குழந்தை அவளாகத்தான் இருப்பாள். எனக்கு வராத கோபம் இல்லை. கேட்டால் ஒரே பதில்தான்.

"எழுதறவனே முதல்ல எடுத்துக்கிட்டா, அந்தப் பேப்பரை அப்புறம் யாரு நம்புவா?"

இப்படியே ஐந்து ஜனவரி போனது. ஒவ்வொரு வருஷமும் ஜூலை மூன்றாம் வாரத்தை நான்கு டிரைவர்கள் எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போனார்கள். இவர் அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் மார்க்கைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு வாரத்தில் போகலாமென்று நான் கெஞ்சியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன். "அவ்வளவு தூரம் போயி மேகத்தைப் பாத்துட்டு வரதா?" என்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மனிதர் தனக்கென்று எதையும் கேட்டவர் இல்லை. சட்டை நான் எடுத்துக் கொடுப்பதுதான். படம் பார்க்கப் போனால் எனக்குப் பிடித்த படம்தான். இந்தப் பனியாறு ஒன்றைத்தான் ஆசை ஆசையாகப் பார்த்தார். பனி விழுகிற காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, விழுவதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே விரல் மடக்கி எண்ணுவார். "பாத்தியா, கப்பல் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு இதுலயே சொல்லிடலாம்," என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பார். அதனால்தான் என்னால் தனியாகவும் கிளம்ப முடியவில்லை, விட்டுத்தொலைக்கவும் முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன நவம்பரில், கப்பலுக்கு டிக்கெட் போட்டுத் தருகிற ஆபீஸிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். ஐந்து வருஷமாக விசாரித்தே அவள் உயிரை வாங்கியிருந்தோம். "ஆன்ட்டி, போறதா இருந்தா வர சீசன்லயே போயிடுங்க. அதுதான் கடைசி. அந்தப் பனி பின்வாங்கிப் பின்வாங்கி பாறை மேலயே ஏறிடுச்சாம், தண்ணியைத் தொடறது இப்ப ஒரு ஓரம்தான். அடுத்த வருஷத்துலேர்ந்து கப்பல் அந்தக் குடாவுக்குள்ள போகாது."

நான் போனை வைத்துவிட்டு நேராக பீரோவைத் திறந்தேன். இருபத்திரண்டு வாரம், ஏழு கட்டம், ஐந்து வருஷத்து அழிரப்பர் தேய்ப்பு. டிப்போவிலிருந்து வந்தவரைச் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை.

"வாரத்துக்கு மார்க் போட்டீங்களே, வருஷத்துக்கு எங்க போட்டீங்க? நீங்க எழுதற வரைக்கும் அது அங்கயே காத்துக்கிட்டு நிக்குமா?"

அவர் பேப்பரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அதை நான் யோசிக்கவே இல்லியே," என்றார். முகம் தொங்கிவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"அப்போ இந்த ஒரு தடவை நீங்க முதல்ல எழுதிக்குங்க. இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தடவை."

"அது எப்படி முடியும்?" என்றார். முடிந்தது பேச்சு.

நான் விடவில்லை. ஜனவரி பிறந்ததும், அவர் தலைமை ஆபீஸுக்குப் போயிருந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். டிரைவர்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். 'ஹாரன்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், ரகசியம் பேசினாலும் கேட் வரைக்கும் கேட்கும். அவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

"என்ன அண்ணி, அஞ்சு வருஷமா அந்த வாரத்தை நான்தானே எடுக்கறேன்? ஒரு வார்த்தை சொல்லலியே மனுஷன்!"

"சொல்ற ஆளா அவரு?"

"நீங்க கவலைப்படாம போங்க. நாங்க பாத்துக்கறோம்," என்றார். அதை அவர் மெதுவாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பார், பணிமனையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் குளிக்கும்போது அவருடைய படிக்கிற கண்ணாடியை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் தேடிவிட்டு, நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். பத்து மணிக்கு, மறந்துபோன கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுக்கிற நல்ல மனைவியாக ஓய்வறை வாசலில் போய் நின்றேன். கண்ணாடியைக் கொடுத்துவிட்டு அங்கேயே கதவோரம் ஒட்டிக்கொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை.

ஹாரன் முதலில் எழுந்து ஆகஸ்டைச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார், எழுதினார். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஜூலை மூன்றாம் வாரத்தில் மூன்று பெயர் விழுந்தது. நான்காவது இடத்தை யாரும் தொடவில்லை. எண்பது பேர் தாண்டியது, தொடவில்லை. மே முதல் செப்டம்பர் வரை மற்ற எல்லா இடமும் நிறைந்துவிட்டது, அந்த ஒரு கட்டம் மட்டும் பளிச்சென்று காலியாக இருந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றார்.

கடைசியாக எழுந்தது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டிரைவர். எட்டு மாதம்தான் ஆகிறது. "பிப்ரவரி ரெண்டாவது வாரம் சார்," என்றாள். எழுதினார். எழுதிவிட்டு, தன் முறைக்காகப் பேப்பரை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தவர், அந்தக் கட்டத்தில் நின்றுவிட்டார். விரலை வைத்துத் திரும்ப எண்ணினார்.

"இங்க ஒரு இடம் இருக்கே," என்றார்.

"உங்களுக்குத்தான் காலண்டரே! எழுதுங்க!" என்று ஹாரன் கத்தினார். மொத்த ஓய்வறையும் கைதட்டியது. அவர் திரும்பி வாசலில் நிற்கிற என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். பென்சில் கட்டத்துக்குப் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, எழுதட்டும் எழுதட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பென்சில் நின்றது. அந்தப் பெண்ணைக் கேட்டார். "உங்க பொண்ணுக்கு ஸ்கூல் லீவு எப்போ?"

"ஜூலைதான் சார். பரவால்ல சார், பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்துடுவேன்."

"உங்க முறை வந்தப்போ இந்த இடம் காலியா இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு சார். ஆனா எல்லாரும்…"

"அப்போ அது உங்களுதுதான்."

பிப்ரவரியில் அவள் பெயரை அழித்தார். ஜூலை மூன்றாம் வாரத்தில் எழுதினார். அழித்த இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு, "பிப்ரவரி ரெண்டாவது வாரம், நான்," என்று தனக்குத் தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டார். அந்தப் பெண் அழுதேவிட்டாள். ஹாரன் தன்னுடைய ஆகஸ்ட் வாரத்தைத் தருவதாக எழுந்து நின்றார். "பேப்பர் மூடியாச்சு, மாத்தக் கூடாது," என்று சொல்லிவிட்டு மைப் பேனாவை எடுத்தார்.

நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான் பேசவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை என்று நான்காம் நாள்தான் தெரிந்தது. வயிற்றெரிச்சல் தாங்காமல் அன்று மத்தியானமே ஆபீஸுக்குப் போய் ஒரு டிக்கெட் போட்டேன். ஒரே ஒரு டிக்கெட், ஜூலை மூன்றாம் வாரம். எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வீசினேன்.

"நான் போறேன். தனியாத்தான் போறேன்."

கோபப்படுவார், இல்லை வருத்தமாவது படுவார் என்று நினைத்தேன். அவர் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "கேபின் எந்தப் பக்கம்? போகும்போது இடது பக்கம் கேட்டு வாங்கணும், அங்கதான் மலை தெரியும்," என்றார்.

"நீங்க இல்லாம நான் போறது உங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"நீ பாத்துட்டு வந்து சொல்லு, நான் கேட்டுக்கறேன்," என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

போனேன். ஏழு நாளும் அவர் மார்க் போட்டபடியே நடந்தது. கடல் தட்டு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் திமிங்கலங்கள் வாயைப் பிளந்துகொண்டு கூட்டமாக மேலே வந்தன. ஐந்தாம் நாள் காலை கப்பல் அந்தக் குடாவுக்குள் மெல்ல நுழைந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பாறைக்கு மேலே ஏறிப்போன பனி போக, ஓரமாக ஒரு பக்கம் மட்டும் இன்னும் கடலில் நின்றுகொண்டிருந்தது. கப்பல் நின்றது, இன்ஜின் நின்றது. யாரும் பேசவில்லை. பதினோரு மணிக்கு அது சரிந்தது. நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன், ஏழில் சத்தம் வந்து நெஞ்சில் மோதியது.

"ஏங்க, ஏழு! பாத்தீங்களா?" என்று இடது பக்கம் திரும்பிக் கத்தினேன். சிவப்புக் கோட்டு போட்ட யாரோ ஒரு பெரியவர். என் பாஷை தெரியாத மனிதர், மரியாதையாகச் சிரித்துத் தலையாட்டினார். அதற்கப்புறம் எவ்வளவு விழுந்ததோ தெரியாது, என் கண்ணில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் துறைமுகத்தில் இறங்கியதும்தான் போன் லைன் கிடைத்தது. கூப்பிட்டேன். டிப்போவில் இருந்தார். வானம் எப்படி, காற்று எப்படி, கப்பல் எவ்வளவு கிட்டே போனது என்று வரிசையாகக் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். ஏழு எண்ணினதைச் சொன்னேன். நீலம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியாமல் தடுமாறி, தெரிந்தவரைக்கும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று நினைத்து, "ஹலோ, இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன்," என்றார். பிறகு, "அடுத்த வருஷம் உள்ள போக மாட்டாங்க இல்ல?"

"போக மாட்டாங்க."

ஏதோ வண்டி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது, யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், அவர் பதில் சொல்லவில்லை. அப்புறம் குரலை ரொம்பத் தாழ்த்தி, "நானும் வந்திருக்கலாம்," என்றார்.

"இதை ஜனவரியில சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று நான் கத்தின கத்தலில், துறைமுகத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.